ஆரம்பப் பள்ளிக்கு டிராயிங் மாஸ்டர் எங்கே?

காத்திவாக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளையைச் சேர்த்திருக்கிற தொழிலாளி, “என் பிள்ளைக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்க ஒரு டிராயிங் மாஸ்டர் உண்டா?” என்று கேட்டால், அவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். இல்லை.

இது தலைமை ஆசிரியரின் அலட்சியத்தால் வந்த வினையல்ல. 2009ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூன்று பேர், 120 வரை நான்கு பேர், 200 வரை ஐந்து பேர். கணக்கு, தமிழ், இங்கிலீஷ், எல்லாமே அவர்கள் தலையில். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் பள்ளியில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், கலைக்கும் உடற்பயிற்சிக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழே உள்ள சின்னஞ்சிறுசுகளுக்கு? ஒரு வரிகூட இல்லை.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, கை தானாகவே கோட்டைத் தேடி ஓடுகிற அந்த ஐந்து வருஷத்துக்கு ஆளில்லை. பதினோரு வயதாகி, “எனக்கு வரைய வராது சார்” என்று பிள்ளை தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொண்ட பிறகு ஆசிரியர் வருகிறார். வாரத்தில் மூன்று அரை நாட்கள் வருகிறார். நாற்று காய்ந்து போன பிறகு மடையைத் திறந்துவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள்தான் சொல்லவேண்டும்.

நம் தோழர்களிலேயே சிலர் சிரிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். கூலிப் பிரச்னை இருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கும் பிரச்னை இருக்கிறது, குடிதண்ணீர்ப் பிரச்னை இருக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படகும் வலையும் கறுத்துப்போகும்படி எண்ணெய் பரவியதே, அந்தக் கதை இருக்கிறது. இத்தனையும் கிடக்க, உழைக்கும் மக்களின் பத்திரிகை கிரேயான் பென்சிலைப் பற்றியா தலையங்கம் தீட்டுவது என்று கேட்பார்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று பழமொழியையும் எடுத்து வீசுவார்கள்.

சுவர் இல்லாததாலா சித்திரம் இல்லை? குப்பத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். ரயில்வே காம்பவுண்டைப் பாருங்கள். கரித்துண்டாலும் செங்கல் சில்லாலும் பிள்ளைகள் வரைந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் பெறுகிற முதல் கலை விமர்சனம், “இன்னாடா செவுத்துல கிறுக்கினுகீற?” என்ற அதட்டல், இரண்டாவது, முதுகில் ஓர் அறை. சுவரும் இருக்கிறது, சித்திரமும் இருக்கிறது. அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு அடுத்த படிக்கு அழைத்துப் போகிற ஆள்தான் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு மூலையில் நடந்த புதுமைதான். 1920இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் அதை ஆரம்பித்தது. இன்று மதியச் சோறு இல்லாத சர்க்கார் பள்ளியை யாராவது கற்பனை செய்ய முடியுமா? காசுள்ளவன் வீட்டுப் பிள்ளை சனி ஞாயிறுகளில் சித்திர வகுப்புக்கும் களிமண் வகுப்புக்கும் காரில் போய் இறங்குகிறது. அங்கே அது ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளையின் புத்தி வளர்ச்சிக்கு அவசியம் என்கிறார்கள். அவசியம்தான். அந்த அவசியம் காத்திவாக்கத்துப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆடம்பரமாக மாறிவிடுகிறது என்பதே நம் கேள்வி.

சித்திரம் என்றதும் நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுகிறார். நாற்பது பிள்ளைகளும் நாற்பது மாம்பழம் போடுகிறார்கள். சற்று முன்னேறினால் இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், மலையடிவாரத்தில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை மரம், முன்னால் வளைந்தோடும் ஓர் ஆறு. தமிழ்நாட்டில் இந்தப் படத்தை வரையாமல் பள்ளியைத் தாண்டி வந்தவர் இருக்கிறாரா? காத்திவாக்கத்தில் இரண்டு மலை எங்கே இருக்கிறது? இங்கே பிள்ளையின் கண்ணெதிரே நிற்பவை கழிமுகத்துக்கு அப்பால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சங்கு ஊதியதும் ஆலை வாசலில் கூட்டம் கூட்டமாக வெளிவருகிற ஆட்கள், நிலக்கரி லாரிகள், கண்டெய்னர் வண்டிகளின் முடியாத வரிசை, கல் கொட்டிய கடற்கரை, இறால் கூடையைத் தலையில் சுமந்து வரும் பெண்கள். இத்தனையையும் தினமும் பார்க்கிற பிள்ளை, தாளை எடுத்ததும் தான் பார்த்தேயிராத இரண்டு மலையைப் போடுகிறது. தன் ஊரும் தன் அப்பனின் வேலையும் படத்துக்கு லாயக்கில்லாதவை என்று யாரும் வாயால் சொல்லாமலே அது கற்றுக்கொண்டுவிட்டது.

இந்த நகல் எடுக்கும் வழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. 1850இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் சென்னையில் ஒரு சித்திரப் பள்ளியை ஆரம்பித்தார். சில வருஷங்களிலேயே அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இந்தியாவின் கலைப் பள்ளிகளில் எல்லாம் அன்று புகுந்தது லண்டன் சவுத் கென்சிங்டனில் வகுத்த பாடமுறை. மாதிரிப் படத்தைப் பார், கோடு பிசகாமல் திருப்பிப் போடு என்பதே அதன் சாரம். துரைத்தனத்துக்கு வேண்டியிருந்தவர்கள் படம் வரைகிற மனிதர்களல்ல, பிளான் வரைகிற கைகள். துரைமார் போய்விட்டார்கள், மாதிரிப் படமும் மாம்பழமும் போகவில்லை. டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போகிறவர் எழுதுகிற சர்க்கார் தொழில்நுட்பப் பரீட்சையிலும் அந்த வாசனை வெகு காலம் நீடித்தது.

அதே பள்ளிக்கு 1929இல் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் கைவேலையை நம்மில் அறியாதவர் யார்? சென்னைக் கடற்கரையில் நான்கு தொழிலாளிகள் உடம்பை முறுக்கிப் பாறையைப் புரட்டுகிறார்களே, 1959இல் நிறுவிய அந்த உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான். தொழிலாளியின் தசையும் நரம்பும் சிலையாக நிற்கத் தகுதியுள்ளவை என்று நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தத் தொழிலாளியின் பிள்ளை ஒரு பிடி களிமண்ணை எடுத்துத் தன் அப்பனை உருட்டிப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடையாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். கைவேலை, கலை, செய்முறை என்று மேலிடத்திலிருந்து யாராவது இனிமையாகப் பேசும்போது உழைக்கும் மக்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 1953இல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. வண்ணான் பிள்ளை வெளுக்கட்டும், சக்கிலியன் பிள்ளை செருப்பு தைக்கட்டும் என்பதற்கு இத்தனை நாசூக்கான பெயரா என்று நாடே கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் வைத்த பெயரே அதற்கு நிலைத்தது. 1954 ஏப்ரலில் காமராஜ் முதன்மந்திரியானார்; அடுத்த மாதமே திட்டம் குழிக்குள் போயிற்று. நாம் கேட்பது அதுவல்ல. பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்புகிற கைவேலையை நாம் கேட்கவில்லை. எந்தத் தொழிலுக்கும் கட்டுப்படாத கண்ணையும் கையையும் கேட்கிறோம். அதைக் கணக்குக்கும் தமிழுக்கும் பதிலாகக் கேட்கவில்லை. அவற்றோடு கூடக் கேட்கிறோம்.

சித்திரத்தால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் சாக்கட்டி கிடைத்தால் அது கோணல் மாணலாக இழுக்கிறது. கை ஆடுவதிலேயே அதற்குச் சந்தோஷம். மூன்று, நான்கு வயதில் ஒரு நாள் கோடு சுற்றி வந்து தன்னைத் தானே தொட்டுவிடுகிறது, வட்டம் பிறக்கிறது. அந்த வட்டத்திலிருந்து கீழே இரண்டு கோடு இறங்கினால் அது மனிதன். கழுத்தில்லை, வயிறில்லை, தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். எந்த தேசத்துப் பிள்ளையானாலும் முதல் மனிதனை அநேகமாக இப்படித்தான் படைக்கிறது. ஐந்து, ஆறு வயதில் தாளின் அடியில் தரை என்று ஒரு கோடு வருகிறது. அதன்மேல் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். உச்சியில் ஒரு நீலப் பட்டை, அது வானம். வீட்டுச் சுவருக்குள்ளே அம்மா சமைப்பது வெளியே தெரியும். படகின் வயிற்றுக்குள்ளே மீன் தெரியும். பெரியவர்கள் இதைப் பார்த்துத் தப்பு என்கிறார்கள். தப்பல்ல. பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரையவில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. அடி வாங்கிய பிள்ளையின் படத்தில் அப்பாவின் கை உடம்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் கை அன்று அதற்கு அவ்வளவு பெரிதாக இருந்தது என்று அர்த்தம். விக்டர் லோவன்பெல்டு என்ற கல்வி நிபுணர் 1947இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் இந்தப் படிகளை வயதுவாரியாக வகுத்தார். ஒன்பது, பத்து வயதில் ஒரு கண்டம் வருகிறது. தன் படம் நிஜத்தைப் போல் இல்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது. அப்போது கூட இருந்து, தூரத்துப் பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று காட்ட ஆளிருந்தால் அது அந்தக் கண்டத்தைத் தாண்டும். இல்லையென்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடும். நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் பத்து வயதில் கீழே வைத்த பென்சிலைச் சாகும்வரை திரும்ப எடுத்ததில்லை.

எழுத்தறிவுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை சோவியத் மனோதத்துவ அறிஞர் விகோத்ஸ்கி ஆராய்ந்தார். கைச் சைகையும் விளையாட்டும் படமும்தான் எழுத்துக்கு முந்திய சரித்திரம் என்பது அவர் முடிவு. குச்சியைக் குதிரை என்று ஓட்டுகிற பிள்ளை, ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்க முடியும் என்று கற்கிறது. வட்டம் போட்டு “இது அம்மா” என்கிற பிள்ளை, ஒரு கோடு ஒரு மனுஷியைக் குறிக்க முடியும் என்று கற்கிறது. அதற்குப் பிறகு ‘அ’ என்ற வளைவு ஓர் ஒலியைக் குறிப்பது அதற்கு அதிசயமல்ல. இந்தப் படியைத் தாண்டவிடாமல் நேராக எழுத்தின் மேல் உட்காரவைத்தால், எழுத்து விரலின் பழக்கமாக நின்றுவிடுகிறது. மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் தெரியவில்லை என்று மந்திரிகளும் நிபுணர்களும் அங்கலாய்க்கிறார்கள். அவர்கள் இந்தப் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும்.

2022இல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஆடலும் பாடலும் பொம்மையும் வகுப்பறைக்குள் வந்திருப்பதை நாம் வரவேற்கிறோம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிரேயானும் அதற்கு மேல் வண்ணப் பென்சிலும் விலையில்லாமல் கொடுப்பதும் நல்ல காரியமே. ஆனால் கலப்பையைக் கொடுத்துவிட்டு உழக் கற்றுத்தராமல் போனால்?

படிக்காதவள் என்று ஊர் சொல்லுகிற தாய் தினமும் விடியற்காலையில் வாசலில் என்ன செய்கிறாள்? சாணம் தெளித்து, புள்ளி வைத்து, கோடு ஒன்றோடொன்று பின்னி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்படி சிக்குக் கோலம் போடுகிறாள். அளவுகோலும் இல்லை, அழிப்பானும் இல்லை. தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் இந்தக் கோலங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சிறு வடிவம் என்னென்ன விதிகளால் பெரிய வடிவமாக வளர்கிறது என்று ஆராய்ந்தார்கள். 1974இல் அது ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. கம்ப்யூட்டருக்கு உருவங்களைக் கற்பிக்கிற கணித இலக்கணத்தில் கோலத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. வயல் வேலைக்குப் போகும் முன் அவசரமாகக் குனிந்து கோலம் போட்ட பெண்ணுக்குத் தன் விரலில் கணிதம் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அவள் மகளுக்காவது பள்ளியில் சொல்ல வேண்டாமா? டிராயிங் மாஸ்டர் வரும்வரை, வாரம் ஒரு நாள் தாய்மார்களையே பள்ளிக்கு அழைத்துத் தரையில் கோலம் போடச் சொல்லி, பிள்ளைகள் அதில் சதுரத்தையும் எண்ணையும் தேடினால் அதுவே ஒரு நல்ல பாடம். சர்க்காருக்குச் செலவு ஒரு படி கோலமாவு.

காத்திவாக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வேண்டியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அது வேதனையானது. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை எண்ணூர் ஜனங்கள் மறக்க மாட்டார்கள். உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண்ணும் தொண்டையும் எரிய, தூக்கத்தில் இருந்த பிள்ளைகளை வாரித் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பெரியவர்கள் மறுநாள் மறியலில் உட்கார்ந்தார்கள். கோபத்தை வாயால் சொன்னார்கள். ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதற்கு அந்த ராத்திரியைச் சொல்ல வார்த்தை கிடையாது. வார்த்தை இல்லாத இடத்தில் கோடு பேசும்.

இதை நாம் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. ஹிட்லரின் நாஜிகள் பிராக் நகருக்கு அருகே தெரேசின் என்ற ஊரை யூதர்களின் சிறையாக்கினார்கள். அங்கே அடைபட்ட பிள்ளைகளுக்கு பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற சித்திரக்காரி 1942 முடிவிலிருந்து மறைவாக வகுப்பு நடத்தினாள். 1944 அக்டோபரில் அவளை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் இரண்டு பெட்டி நிறையப் பிள்ளைகளின் படங்களை ஒளித்து வைத்தாள். சுமார் 4,500 படங்கள். அவற்றில் காவல்காரர்களும் இருக்கிறார்கள், மூன்றடுக்குக் கட்டிலும் இருக்கிறது. பூவும் பட்டாம்பூச்சியும் விட்டுவந்த வீடும்கூட இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. படங்கள் பிராக் நகரத்து யூத மியூசியத்தில் இன்றும் இருக்கின்றன. கொலைக்களத்திலேயே ஒருத்தி சித்திர வகுப்பை அவசியம் என்று நினைத்தாள். நம் கல்வி நிபுணர்களுக்குச் சமாதான காலத்தில் அது அவசியமாகப் படவில்லை.

பணமில்லை, சர்க்கார் என்ன செய்யும் என்பார்கள். அதே யுத்தம் முடிந்த வாரத்தில் இத்தாலியில் நடந்ததைச் சொல்கிறோம். ரெஜியோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்று ஒரு சிறு கிராமம். 1945 வசந்தத்தில் ஜெர்மானியப் படை தோற்று ஓடியபோது ஒரு டாங்கியையும் மூன்று லாரிகளையும் சில குதிரைகளையும் விட்டுவிட்டுப் போயிற்று. குடியானவர்களும் தொழிலாளிகளும் கூடி அவற்றை விற்றார்கள். அந்தப் பணத்தில் முதலில் என்ன கட்டலாம் என்று விவாதித்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி என்று முடிவாயிற்று. இடிந்த வீடுகளின் செங்கல்லும் ஆற்று மணலும் கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே கட்டினார்கள். இதைக் கேள்விப்பட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு பார்க்க வந்த லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். இடதுசாரிகள் ஆண்ட ரெஜியோ நகரசபை 1963இல் தன் முதல் சிறுவர் பள்ளியைத் திறந்தது. அந்தப் பள்ளிகளின் விசேஷம் என்ன தெரியுமா? ஒவ்வொன்றிலும் ஒரு சித்திரக் கூடம், அதற்கென்று கலை பயின்ற ஓர் ஆசிரியர். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு! உலகமெங்கும் இருந்து கல்வி நிபுணர்கள் இன்று விமானம் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். டாங்கி விற்ற காசில் பிறந்த பள்ளி அது.

நம் பக்கத்துக் கதை என்ன? ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்காக 2012இல் தமிழ்நாடு முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்களைச் சர்க்கார் நியமித்தது. சித்திரம், உடற்பயிற்சி, தையல், இசை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து. மாதம் 5,000 ரூபாய். ஒன்பது வருஷம் கழித்து 2021இல் அது 10,000 ஆயிற்று. 2023இல் 12,500 என்று அறிவித்தார்கள். கோடை விடுமுறை என்று காரணம் காட்டிப் பல ஆண்டுகளாக மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. தொழிலாளர் தினம் வருகிற மாதத்தில் கூலியில்லாத தொழிலாளி! 2021 தேர்தலில் பணி நிரந்தரம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். அந்த வாக்குறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் வருஷக்கணக்கில் சென்னையில் வந்து வெயிலில் உட்கார்ந்தார்கள். ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் என்ன என்று அறிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் படத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஆசிரியர், அடுத்த மாத வாடகையைப் பற்றி நினைத்துக்கொண்டு நிற்கிறார்.

இந்தச் சம்பளம் வருகிற ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் நிதியையே மத்திய சர்க்கார் பிடித்து வைத்துக்கொண்டதும் நடந்தது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோயிற்று. 2025 மே மாதத்தில் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற இழுபறியில் முதலில் அறுவது கடைசிப் பெஞ்சுக்காரனின் கயிறுதான்.

2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லது, நடக்கட்டும். ஆனால் பரிசு வாங்குவது ஒரு பிள்ளை. வரைய வேண்டியவை அத்தனை பிள்ளைகளும். விழா வகுப்பாகிவிடாது.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிக்கும் உடனே ஒரு முழுநேர டிராயிங் மாஸ்டரைப் போட முடியாவிட்டால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நான்குக்கு ஒருவரைப் போடட்டும். அவர் நிரந்தர ஊழியராக இருக்கட்டும். 2011இல் காத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தபோது, பட்டணத்து வசதியெல்லாம் இனி வாசலுக்கு வரும் என்றார்கள். அந்த வசதி இந்த வழியிலும் வரட்டும். ஆரம்பப் பள்ளிகளுக்கும் கலை ஆசிரியர் என்று சட்டத்தின் அட்டவணையைத் திருத்துவது பார்லிமெண்டின் வேலை. அதற்கு மாநில சர்க்கார் காத்திருக்கத் தேவையில்லை.

தாளுக்குப் பணமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 90 பிள்ளைகள் உள்ள பள்ளியில் வாரம் ஆளுக்கு ஒரு தாள் என்றால் 40 வாரத்துக்கு 3,600 தாள். 500 தாள் கட்டு எட்டு இருந்தால் போதும். கட்டு 300 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 2,400 ரூபாய். அந்த அளவுப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் வருஷ மானியம் 25,000 ரூபாய் என்பது விதி. விளக்கு, தண்ணீர், சுத்தம் எல்லாம் அதில்தான் என்பது உண்மையே. ஆனாலும் பத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் கைக்கு ஒதுக்க முடியாதா?

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பழைய நாள்காட்டியின் பின்பக்கம் போதும். கரி, செம்மண், மஞ்சள், கோலமாவு, ஏரிக் களிமண் போதும். அனல் மின் நிலையத்துச் சாம்பலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகள் குழைத்து விளையாட விடாதீர்கள். அதில் விஷ உலோகங்கள் இருக்கின்றன. பிள்ளையின் கையைப் பிடித்து வரையாதீர்கள். “இது என்ன?” என்று அதட்டாமல், “இதுல என்ன நடக்குது, சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். ஷிப்டு முடிந்து வந்த அலுப்பில் இது கஷ்டந்தான். இரண்டு நிமிஷம் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதி பெண்களாக இருக்க வேண்டும் என்று அதே கல்விச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எழுத்தில் வைக்க வேண்டும்: டிராயிங் மாஸ்டர் நியமனம், வாரம் இரண்டு சித்திரப் பீரியடு, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சுவர். வேலை நாளாக இருந்து தகப்பன் போக முடியாவிட்டால் தாய் போகட்டும். தீர்மானத்தின் நகலைத் திருவொற்றியூரில் உள்ள மண்டல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மனுவோடு பிள்ளைகள் வரைந்த படங்களையும் கொண்டுபோய் அதிகாரியின் மேஜைமேல் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுங்கள். மனுவை அங்கேயே விட்டு வரலாம். படங்களை மட்டும் மறக்காமல் திரும்ப எடுத்துவந்து, வரைந்த பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.